பெரட்டலுக்குக் கறித்தூள் எவ்வளவு?

மெர்கோங்கில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய் வந்தாலே அப்பாவுக்கு அந்தக் கோழிப் பெரட்டல் பேச்சுதான். அம்மாவும் சித்தியும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைக்கக் கற்றவர்கள். ஆனால் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீட்டில் அம்மா சமைக்கும் பெரட்டலை அப்பா ஒருநாளும் வாய்திறந்து புகழ்ந்ததில்லை.

கடைசியில் அம்மா ரோஷத்தை விட்டு, கறித்தூள் எத்தனை கரண்டி என்று சித்தியிடமே கேட்டுவிட்டார்.

“எல்லாம் கை அளவுதான்க்கா. கொஞ்சம் போடுவேன்” என்றார் சித்தி.

பஸ்ஸில் வீடு திரும்பும்வரை அம்மா பொருமிக்கொண்டே வந்தார். “கொஞ்சமாம். அரிசிய டின்னுல தலைதட்டி அளக்கிறவ, என்கிட்ட மட்டும் கொஞ்சம்னு சொல்றா பாரு.”

அந்தப் பள்ளி விடுமுறைக்கு என்னை மெர்கோங்குக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அம்மா என் சடையைப் பின்னிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “எத்தன கரண்டின்னு பாத்துட்டு வா. வாயத் திறந்து கேக்காத.”

எனக்கும் சித்தி மேல் எரிச்சல்தான். அம்மாவை ஜெயிக்க வைக்கப்போவது நான் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தி பெரட்டல் சமைத்த அன்று நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. கறித்தூள் அளக்கச் சித்தி கரண்டியைத் தொடவே இல்லை. லாரி ஓட்டிவிட்டு வந்த சித்தப்பா குளித்து, கைலியோடு அடுப்பருகே வந்து நின்றார். சித்தி குழம்பை ஒரு சொட்டு அவர் உள்ளங்கையில் விட்டார். அவர் நக்கிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் லா” என்றார். சித்தி ஒரு சிட்டிகை தூவினார். மறுபடியும் ஒரு சொட்டு. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று சித்தி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். இருவரும் சிரித்தார்கள். இதில் எதை எண்ணுவது?

வீடு திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“சித்தப்பா போதும்னு சொல்ற வரைக்கும் போடுறாங்கம்மா.”

“அவரு அடுப்படிக்கு வருவாரா?”

“தினமும் வருவாரு.”

அம்மா என் பையைத் திறந்து அழுக்குத் துணிகளை எடுக்கத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் அப்பா கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே சோறு கேட்டார். அம்மா பெரட்டலோடு தட்டைக் கொண்டுபோய் வைத்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ஒன் தங்கச்சி கைப்பக்குவம் வரலயே” என்றார். எப்போதும் வெடுக்கென்று பதில் சொல்லும் அம்மா, திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டார்.

கரண்டிக் கணக்கைக் கொண்டுவராத என் மேல்தான் கோபம் என்று நினைத்தேன். அம்மாவின் பின்னாலேயே போய், அடுத்த லீவில் கட்டாயம் எண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சத்தியம் செய்தேன்.