படகு இல்லாத கடல்

போன சனிக்கிழமை கண்டியில் எங்கள் ஓவிய வகுப்பின் கண்காட்சி. ஆமாம், இந்த வயதில் நானும் ஒரு படம் வைத்திருந்தேன் — திருகோணமலைக் கடற்கரை, விடியற்காலை.

கடல் என்றதும் பளிச்சென்ற நீலம்தானே நினைவுக்கு வரும்? அதுதான் கூடாது என்றார் எங்கள் மாஸ்டர். நீலத்தில் கொஞ்சம் பிரவுன் சேர்த்தால் நிறம் அடங்கிவிடும். அடக்கினேன். வானம் சாம்பல், தண்ணீர் சாம்பல், கீழே மங்கலாகக் கொஞ்சம் மணல். மூன்று வாரம் ஆனது.

வீட்டில் மனைவி பார்த்தாள்.

"ஹந்தானை மலைய நல்லா வரைஞ்சிருக்கீங்க."

"அது கடல்."

"அப்ப ஒரு படகப் போடுங்க. இல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

படகு போட்டுத்தான் கடல் என்று காட்ட வேண்டுமா? கத்துக்குட்டிகளுக்குத்தான் ரோஷம் அதிகம்... எனக்கும் வந்தது. போடவில்லை. ஒரே ஒரு ஆள் இதைக் கடல் என்று சொல்லிவிட்டால் போதும் என்று, கண்காட்சியில் காலை முழுக்கப் படத்தின் பக்கத்திலேயே நின்றேன்.

வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் நின்றார். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா. கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்.

"நம்ம மலைதானே சார்? பனி இப்பிடி எறங்குற நேரத்துலதான் நாங்க வேலைக்குப் போவோம். இந்த ஓரத்துல வெளுத்திருக்கு பாருங்க... இப்பிடி வெளுத்தா அன்னைக்கு மழை வராது."

அவர் விரல் காட்டிய இடம் என்னுடைய அலை நுரை. உண்மையைச் சொன்னால், அந்த வெள்ளையைக் கலக்கும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைத்தான். திருகோணமலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது.

அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"இது கடல்ங்க" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். நான் கடலப் பாத்ததில்ல."

சுற்றிலும் கடல் உள்ள நாடு... அவர் மகளின் படத்தைப் பார்க்கப் போய்விட்டார். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

மலையைப் பார்த்துக் கடல் வரைந்தவன் நான். மன்னிப்புக் கேட்டவர் அவர்.