அளவு பார்க்கிறவர்

காரைக்கால் கடற்கரைக்குப் போகிற வழியில் உள்ள மைதானத்தில் சாயங்காலம் நாங்கள் பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டு விளையாட்டு ஆடுவோம். சின்ன மரக்குண்டுக்கு மிகப் பக்கத்தில் யாருடைய இரும்புக்குண்டு நிற்கிறதோ, அவருக்கே ஜெயம். எது பக்கம் என்று சண்டை வந்தால் அளந்து சொல்ல எங்களில் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர்; காதில் எப்போதும் ஓர் ஈர்க்குச்சி. குத்தவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குச்சியால் அளந்து அவர் சொன்னால் சொன்னதுதான். சொந்தத் தம்பிக்கும் அரை விரற்கடை விட்டுக்கொடுத்ததில்லை.

கொரோனா ஊரடங்கில் மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். அவர் தன் வீட்டுக் கொல்லையில் எங்கள் ஒவ்வொருவர் பேரிலும் தானே குண்டு போட்டார். தினமும் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வரும்: "இன்னிக்கு நெடுங்காட்டுக்காரர் குண்டுதான் கிட்ட நிக்கிது. எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள்கூட ஏதாவது பதில் போட்டார்கள். நான் கேட்டுவிட்டு, அப்புறம் பேசலாம் என்று போனைக் கவிழ்த்துவைப்பேன். போகப்போக அவர் கணக்கில் தினமும் நானே ஜெயித்தேன். அப்போதும் பேசவில்லை.

மைதானம் திறந்த அன்று நான் போட்ட குண்டு எங்கோ உருண்டு போனது. "அது எப்படிங்க, உங்க கொல்லையில மட்டும் நான் அவ்வளவு ஜெயிச்சேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க இருக்கீங்களா இல்லியான்னே தெரியல. ஜெயிச்சா பெருமையடிக்கவாச்சும் வாயத் தொறப்பீங்கன்னு பாத்தேன்" என்றார்.

இப்போதும் என் குண்டருகே அவர் குத்தவைத்து அளக்கும்போது, தோற்றால்தான் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.