விறைக்காத இடப்பக்கம்

பன்னீர்க்குடம் உடைந்தபோது நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்து மரக்கறிக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கால் நனைந்ததும் அவர்தான் ஊற்றிவிட்டார் என்று நினைத்து, "அண்ணை, கீரைக்குத் தெளிக்கிறியளோ, எனக்குத் தெளிக்கிறியளோ?" என்று பாய்ந்தேன். மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் காலடியைப் பார்த்தார்.

"அது நான் இல்லைப் பிள்ளை. கெதியா வீட்டை போங்கோ."

முதல் அறிகுறியே சண்டையோடுதான் தொடங்கியது. என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். தமிழில் எனக்கு நல்ல வாய் இருக்கிறது. அந்த வாய் அன்று மத்தியானத்துக்குள் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்பதைத்தான் எழுதப்போகிறேன். முதற்பிள்ளைக்குக் காத்திருப்பவர்கள், எபிடூரல் (முள்ளந்தண்டை அண்டிய இடைவெளிக்குள் மெல்லிய குழாயைச் செருகி, இடுப்புக்குக் கீழே நோவை அடக்கும் மருந்து) போடுவதா விடுவதா என்று யோசிப்பவர்கள் இதை வாசித்தால் நல்லது.

கீழ்முதுகில், அம்மாவின் சொல்லில் நாரியில், ஏற்றும் அந்த ஊசிக்காக நான் அம்மாவோடு மாதக்கணக்கில் சண்டை பிடித்திருந்தேன்.

"உனக்கென்ன விசரே? நாரியில ஊசி குத்தினா சாகுமட்டும் நாரி நோகும். நான் ரெண்டு பெத்தனான். எனக்கு ஆர் ஊசி போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை. அதுதான் இண்டைக்கும் அந்த நோவைச் சொல்லிக்கொண்டு திரியிறியள்."

என் கணவர் அன்ரன் கொட்டாஞ்சேனைக்காரர். சண்டை என்றால் நடுவில் வந்து நிற்கிற பழக்கம் அவருக்கு. "மாமி, டொக்டரிட்ட கேட்டனாங்கள். நாரிநோவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லையாம்" என்று சமாதானம் செய்வார். அம்மா அவருக்குப் பதில் சொல்ல மாட்டார். என்னைத்தான் முறைப்பார். இப்படிப் பிடிவாதமாக வாங்கிய ஊசி அது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?

தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது நோ வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் அது தாங்கக்கூடியதாக இருந்தது. பிறகு தாங்க முடியவில்லை. இதற்கு மேல் அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஊசி, ஊசி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மயக்கமருந்து நிபுணர் ஒரு சிங்களப் பெண்மணி. மெல்லிய குரல். கட்டில் விளிம்பில் உட்காரச் சொல்லி, முதுகை வளைத்து நாடியை நெஞ்சில் முட்டக் குனியச் சொன்னார். மருத்துவமாது (பிரசவம் பார்க்கும் தாதி) முன்னால் நின்று என் தோள்களைப் பிடித்துக்கொண்டார். முதுகில் குளிர்ந்த மருந்தைப் பூசினார்கள். பிறகு, தோலை மரத்துப்போகச் செய்யும் ஒரு சின்ன விறைப்பூசி சுள்ளென்று ஏறியது. அதற்குப் பிறகு வருவது குத்து அல்ல, ஓர் அமுக்கம். எலும்புக்கு நடுவில் யாரோ பெருவிரலை வைத்து ஊன்றுகிற மாதிரி இருக்கும். நோ வருகிற நேரத்திலும் அசையக்கூடாது என்பார்கள். முழுவதிலும் கடினமான பகுதி அதுதான். நான் மருத்துவமாதின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

சற்று நேரத்தில் வலது காலில் இளஞ்சூடு பரவியது. பிறகு பாரம். பிறகு அந்தக் கால் என்னுடையதாகவே இல்லை. அட, இதுதானா, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

டொக்டர் ஓர் ஐஸ் கட்டியை எடுத்து என் வயிற்றிலும் தொடையிலும் வைத்துப் பார்த்தார். மருந்து பிடித்த இடத்தில் குளிர் தெரியாது. வலப்பக்கம் தெரியவில்லை. இடப்பக்கம் நன்றாகக் குளிர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஹரி, டொக்டர்" என்றேன்.

சரி என்று அர்த்தம். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்ரன் இன்றுவரை கேட்கிறார். அவருக்கு இது விளங்காது. கொட்டாஞ்சேனையில் சிங்களப் பிள்ளைகளோடு ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடி, சிங்களத்திலேயே ஏசி, சிங்களத்திலேயே ஏச்சு வாங்கி வளர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றுக்குள் அடைந்து கிடந்த குடும்பத்துப் பிள்ளை. யுத்த காலத்தில் ஆமிக்காரர் வீதியில் மறித்து ஏதாவது கேட்டால், "கனக்கக் கதைக்காதை. சிரி. ஹரி எண்டு சொல்லு. நடந்து வா" என்றுதான் அம்மா பழக்கியிருந்தார். கேள்வி விளங்கினாலும் ஹரி, விளங்காவிட்டாலும் ஹரி. அந்தச் சொல்லைச் சொன்னால் ஆள் விட்டுவிடுவார், நாங்கள் வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது மறிப்பார் ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் சிங்களத்தில் வேலையும் செய்கிறேன். ஆனாலும் அரைகுறை உடுப்போடு, முதுகில் குழாயோடு, ஒரு கால் இல்லாமல் கிடந்தபோது வாயில் வந்தது அந்தப் பழைய சொல்தான். எனக்கு உதவி செய்ய வந்த பெண்ணை நான் அனுப்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நோ முழுவதும் இடப்பக்கம் வந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. இடது அடிவயிற்றில் மட்டும் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது. முழு உடம்பிலும் பரவியிருந்தபோது அதைத் தாங்க ஒரு வழி இருந்தது. எழும்பி நடக்கலாம், குனியலாம், இடுப்பை ஆட்டலாம். இப்போது அதுவும் போய்விட்டது. கையில் பிரஷர் பட்டி, வயிற்றைச் சுற்றிப் பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதிகிற பட்டி, சலம் போக ஒரு குழாய். கட்டிலோடு கட்டிவைத்துவிட்டு அடித்தது போல இருந்தது. உடம்பு நடுங்கியது. குளிர் இல்லை, அது மருந்தின் வேலை. உங்களுக்கும் நடுக்கம் வந்தால் பயப்பட வேண்டாம்.

அன்ரன் தாய்க்குப் போன் எடுத்து, "ஊசி போட்டாச்சு மம்மி, இனி நோகாதாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நிம்மதியைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. நோகுது என்று சொன்னால் அம்மா சொன்னது சரியாகிவிடும். சொல்லாவிட்டால் செத்துப்போவேன் போல இருந்தது. சொல்லவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டேன். எபிடூரல் என்றால் பாதி நோதான் குறையுமாக்கும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன்.

கடைசியில் அவர்தான் கண்டுபிடித்தார். "ஏன் தலகாணியைக் கடிக்கிறீர்? நோகுதா?"

"இந்தப் பக்கம் முழுக்க நோகுது, அன்ரன். போட்ட நேரத்திலயிருந்து நோகுது."

"கடவுளே! அப்ப ஏன் பேசாமல் கிடந்தீர்?"

அவர் ஓடிப்போய், பயத்தில் சத்தம் போட்டுச் சிங்களத்தில் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. மருத்துவமாது வந்து என்னை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார். மருந்து கீழ்ப்பக்கம் இறங்கட்டும் என்பதற்காக. நிபுணர் மறுபடி வந்தார். குழாய் உள்ளே ஒரு பக்கமாகச் சரிந்திருக்கலாம், சிலருக்கு இப்படி நடக்கும் என்றார். அதைக் கொஞ்சம் வெளியே இழுத்து, மேலும் மருந்து ஏற்றினார். கோபிக்கவில்லை. "நான் கேட்டேனே, நங்கி. ஏன் சொல்லவில்லை?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். நங்கி என்றால் தங்கச்சி.

ஆகவே இதை நீங்கள் எனக்காகச் செய்யுங்கள். ஐஸ் வைத்துக் கேட்கும்போது, குளிர்ந்தால் குளிருது என்று சொல்லுங்கள். எந்தப் பாசையில் வருகிறதோ அந்தப் பாசையில், கையைப் பிடித்துக் காட்டியாவது சொல்லுங்கள். அது நன்றிகெட்டதனம் இல்லை. அந்த ஊசி ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது உங்கள் குற்றமும் இல்லை. நேரத்தோடு சொன்னால் பெரும்பாலும் திருத்தலாம்.

இரண்டாவது மருந்து இரண்டு பக்கமும் பிடித்தது. நான் நித்திரையாகிவிட்டேன். அந்த நித்திரைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எழுந்தபோது அறை மாறியிருந்தது. அதாவது, சத்தம் மாறியிருந்தது. டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளையின் துடிப்பு, ஒவ்வொரு முறை வயிறு இறுகும்போதும் மெதுவாகி, நின்று யோசித்து, திரும்ப வந்தது. மருத்துவமாது என்னை வலப்பக்கம் புரட்டினார், பிறகு இடப்பக்கம். முகத்தில் ஒட்சிசன் கவசத்தை வைத்தார்கள். பிரசவ வைத்தியர் வந்து பார்த்து, கருவாய் (கருப்பையின் வாசல்) முழுதாகத் திறந்துவிட்டது, பிள்ளையை இனிக் கெதியாக எடுக்க வேண்டும் என்றார்.

பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. அவனை வெளியே தள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான். எனக்கோ இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

"தல்லு கரன்ன, துவே!" என்றார் மருத்துவமாது. முக்கு மகளே, என்று.

எதை வைத்து முக்குவது? மற்றப் பெண்கள் சொல்லியிருந்தார்கள், தானாகவே முக்க வரும், அடக்கவே முடியாது என்று. எனக்கு ஒன்றும் வரவில்லை. மூச்சைப் பிடித்தேன், முகம் வெடிக்கிற மாதிரி இருந்தது, ஆனால் கீழே ஏதாவது நடந்ததா என்று தெரியவில்லை. துடிப்பு மறுபடி மெதுவானது.

அப்போதுதான் கத்தினேன். "மட்ட தெனென்னே நே!" எனக்கு ஒன்றும் தெரியுதில்லை என்று. கவசத்தைக் கழற்றிவிட்டு, மருத்துவமாதின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரும்பத் திரும்பக் கத்தினேன். அந்த அறையில் நான் சிங்களத்தில் வாய்விட்டுச் சொன்ன முதல் உண்மை அது.

அவர் உடனே என் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைத்தார். தன் கையை அதற்கு மேல் வைத்தார். வயிறு கல்லாக இறுகியது கைக்குத் தெரிந்தது. "இப்போது" என்றார். நான் கையை நம்பி முக்கினேன். தளர்ந்ததும் "விடு" என்றார். விட்டேன். இப்படியே என் பிரசவத்தை என் உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது போதவில்லை. வைத்தியர் உறிஞ்சுகிண்ணத்தை (பிள்ளையின் தலையில் பொருத்தி மெல்ல இழுக்கும் கருவி) கேட்டு வாங்கினார். பிள்ளை வரும் வழியைக் கொஞ்சம் வெட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வெட்டினார். எனக்குத் தெரியவில்லை. இழுத்தார். தெரியவில்லை. நான் அன்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கண்கள் திடீரென்று அகன்றன, வாய் திறந்தது, முகம் முழுக்க நனைந்தது. என் பிள்ளை பிறந்ததை நான் அவருடைய முகத்தில்தான் கண்டேன்.

ஆனால் சத்தம் இல்லை. பிள்ளையை மூலையில் இருந்த மேசைக்குக் கொண்டுபோனார்கள். சிறுபிள்ளை வைத்தியரின் முதுகு மறைத்தது.

"ஏன் அழேல்லை? அன்ரன், ஏன் பிள்ளை அழேல்லை?"

அவருடைய உதடுகள் அருள்நிறைந்த மரியே செபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் எழும்பினேன். எழும்பியது தோளும் தலையும் மட்டும்தான். மிச்சம் கட்டிலிலேயே கிடந்தது. முழங்கையை ஊன்றி இன்னொரு முறை எழும்பினேன். யாரோ மெதுவாக என் நெற்றியில் கைவைத்துப் படுக்கவைத்தார்கள். என் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாத தாயாக, கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அப்படிக் கிடப்பதை நான் எந்தப் பெண்ணுக்கும் விரும்ப மாட்டேன்.

பிறகு அழுதான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு நல்ல கோபமான அழுகை. "உம்மட வாய்தான்" என்றார் அன்ரன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பின்னேரம் என்னையும் பிள்ளையையும் வாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார். நாரியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குனிந்தபடி என் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அதைக் கண்ணால் கண்டேன், காலால் அறியவில்லை. "அம்மா, எனக்குத் தெரியேல்லை" என்றேன். "பரவாயில்லை. எனக்குத் தெரியுதுதானே" என்றார்.

சற்றுப் பொறுத்துச் சுடுதண்ணீர் வாங்கிவரக் கீழே இறங்கினார். அன்ரன் உடுப்புப் பையை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தார். அப்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை அழத் தொடங்கினான்.

தொட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கையை நீட்டினேன். விரல் நுனி தொட்டிலின் விளிம்பில் பட்டது, பிள்ளையில் படவில்லை. காலைக் கீழே போட வேண்டும், அவ்வளவுதான். காலிடம் சொன்னேன். கெஞ்சினேன். போர்வைக்குள் அது அசையாமல் கிடந்தது. மணியை அழுத்தினேன். "வாறாங்கள் குஞ்சு, வாறாங்கள், அம்மா இங்கைதான் இருக்கிறன்" என்று சொல்லிச் சொல்லி நானும் அழுதேன். தாதி கெதியாகத்தான் வந்திருப்பார். பால் கேட்டு அழுத பிள்ளைதான், ஒன்றுமில்லை என்றார். எனக்கு அது ஒன்றுமில்லாதது அல்ல. அவன் இந்த உலகத்தில் என்னைக் கூப்பிட்ட முதல் தடவை அது. நான் போகவில்லை.

மறுபடி பெறுவதென்றால் ஊசி போடுவீரா என்று கேட்கிறார்கள். போடுவேன். ஒரு பக்கம் விறைக்காவிட்டால் கொழும்பு முழுக்கக் கேட்கக் கத்துவேன். நாரி நோகவில்லை. காயம் ஆறிவிட்டது. அந்த நாளில் என்ன எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியாது. நித்திரை நீண்டதாகவும், அவன் அழாமல் கிடந்த நேரம் அதைவிட நீண்டதாகவும் ஞாபகம். அன்ரன் மாறிச் சொல்கிறார்.

மகன் இப்போது நடக்கிறான். நாளுக்குப் பத்துத் தரம் விழுகிறான். விழுந்து அழும்போது, எழும்ப முன், ஒரு கண்சிமிட்டும் நேரம் நான் கதிரையிலேயே இருந்துவிடுகிறேன். கால் இருக்கிறதா என்று உள்ளே தேடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கால் எழும்புகிறது, நான் ஓடிப்போய் அவனைத் தூக்குகிறேன். அடுத்த தடவையும் எழும்பும் என்று மட்டும் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.