காணாத இத்தாலிக்கு வழி சொன்ன காலம்

தான் மிதிக்காத மண்ணைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிற தொழில், பயண ஏஜென்சி வேலை. கவுண்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு, தெரியாத கேள்விக்குத் தெரிந்த முகத்தோடு பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் என் கட்சி. எழுபதுகளின் நடுவில், கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு வந்த புதிதில், இத்தாலியர் நிறையக் குடியிருந்த பிரன்ஸ்விக் பகுதியில், டிராம் ஓடும் தெருவில் ஒரு சின்ன ஏஜென்சியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. குடும்பமாக இத்தாலிக்குப் போகிறவர்கள் காசை எப்படிக் கொண்டுபோவது, காரை எங்கே விடுவது, பஸ்ஸும் ரயிலும் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு.

எந்த ஊர்ப் பிள்ளை?

இத்தாலி மேசையில் என்னை ஏன் இருத்தினார் என்று முதலாளி கிரகாமிடம் கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: உன் நிறத்துக்கும் தலைமயிருக்கும் சிசிலிக்காரி என்றால் யாரும் நம்புவார்கள், நீ ஒன்றும் பொய் சொல்லவேண்டாம், சிரித்துக்கொண்டிருந்தால் போதும். எனக்கு வேலை தேவையாக இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கிழமை கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு அம்மா வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மளமளவென்று இத்தாலிய பாஷையில் ஏதோ கேட்டார். சிரித்தேன். மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தேன். நான் இலங்கைக்காரி என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கிரகாம் நின்றபடியால் மூன்றாம் தடவையும் சிரித்தேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இதில் இழுபட்டவர், யாழ்ப்பாணத்தில் ஒன்றுமறியாமல் இருந்த என் அம்மா.

“பெற்ற பிள்ளைக்குச் சொந்தப் பாஷையைச் சொல்லிக்கொடுக்காத உன் தாயை நான் ஒருநாள் காணவேண்டும்.”

வெனிஸில் வாசல்வரை

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், மனைவி, இரட்டைப் பெண்பிள்ளைகள். அவர்களுக்கு வாடகைக் கார் ஒழுங்குசெய்து, பெட்டிகளைப் பற்றிக் கவலைப்படவேண்டாம், எல்லா ஊரிலும் ஹோட்டல் வாசல்வரை காரிலேயே போகலாம் என்று சொல்லியனுப்பினேன். வெனிஸில் வாய்க்கால்கள் இருப்பது எனக்குத் தெரியும். வாய்க்கால் ஓரமாக ஒரு தெருவாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஊர் எல்லையிலேயே காரை வாங்கி ஒரு பெரிய கராஜில் அடைத்துவிட்டார்கள். இருந்த நாளெல்லாம் ஓடாத காருக்கு வாடகை, அது தூங்கிய இடத்துக்கும் வாடகை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாலம் பாலமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பாலத்துப் படியில், பெட்டிமேல், தலையில் கைவைத்தபடி அவர் மனைவி. நான் நிமிரவில்லை.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் வாய்க்குள் சிரித்தார். “வெனிஸ் தண்ணிக்குள்ளை இருக்கிற ஊர் எண்டு உமக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லையோ?” என்றார். ஆனால் படம் காட்டியவர் சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

“கார் என்றா சொன்னாள், படகு என்றா சொன்னாள், ஒருதரம் சரியாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று என் மனைவி சொன்னாள்.”

எண்ணி வாங்கிய சில்லறை

அதற்குப் பிறகு கிடைத்த வழிகாட்டிப் புத்தகமெல்லாம் படித்தேன். அரைகுறைப் படிப்பு இன்னும் மோசம். கடையில் மீதிக் காசை எண்ணி வாங்குங்கள், அந்த நாட்டு லீராக் காசில் பூச்சியங்கள் அதிகம், ஏமாற்றிவிடுவார்கள் என்று எல்லோரையும் எச்சரித்தேன். மகள்மாரோடு போன ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

புளோரன்ஸில் ஒரு கடைக்காரக் கிழவர் மீதிக் காசுக்குப் பதிலாக இனிப்புகளை நீட்டியிருக்கிறார். தாதி, “திருடன்” என்று கத்த, சனம் கூடிவிட்டது. மூத்த மகள் அழுதுவிட்டாளாம். பிறகுதான் யாரோ விளக்கியிருக்கிறார்கள்: நாட்டிலேயே சில்லறைத் தட்டுப்பாடு, எல்லாக் கடையிலும் இனிப்புத்தான் கொடுக்கிறார்கள். மறுநாள் போய்க் கிழவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். கிழவர் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லையாம். அந்தக் கிழவர் முன்னால் நானல்லவா போய் நின்றிருக்கவேண்டும்! தாதி கைப்பையைத் திறந்து, மிஞ்சிய இனிப்புகளை என் முன்னால் கொட்டினார்.

“நீ சொன்னபடி எண்ணித்தான் வாங்கினேன், பிள்ளை. ஒன்றுகூடக் குறையவில்லை.”

தாழ்ந்த குரல்

கார்மெலோ கொங்கிறீட் வேலை செய்கிறவர். பத்தொன்பது வயதில் தென் இத்தாலியின் கலாப்ரியாவில் ஒரு மலைக்கிராமத்தைவிட்டு வந்தவர், மனைவி பிள்ளைகளோடு முதல்தடவை ஊருக்குப் போகிறார். பெரிய கார் வேண்டும், இருப்பதிலேயே பெரியது வேண்டும் என்று கடை முழுவதற்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. பஸ்ஸுக்கு டிக்கெட் எங்கே வாங்குவது? கோப்பிக் கடையில் முதலில் காசா, கோப்பியா? கேட்கும்போதே தெரிந்தவர் யாரும் இருக்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டார்.

டிக்கெட்டைச் சிகரெட் கடையில் வாங்கவேண்டும், கோப்பிக்கு முதலில் காசு கட்டவேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்த மகள் இடையில் புகுந்து, “அப்பா, நீங்கள் அங்கேதானே பிறந்தீர்கள்?” என்று கேட்டாள். மனிதர் காதுவரை சிவந்துபோனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. இதெல்லாம் இப்போதுதான் மாறியது, எல்லோரும் கேட்கிறார்கள் என்று சமாளித்தேன். நீ கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டார். கிரகாம் பக்கத்தில்தான் நின்றார். நான் இத்தாலிக்காரி இல்லை, இலங்கைக்காரி, இத்தாலியைக் கண்டதே இல்லை என்று அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். கார்மெலோ கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

“அப்போ புத்தகத்தை என் பக்கமும் திருப்பி வை. இரண்டுபேரும் சேர்ந்து படிப்போம்.”

கீழே நின்ற கார்

ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு கார்மெலோ தானாகவே கடைக்கு வந்தார். கிராமத்துத் தெரு ஒடுக்கமாம், பெரிய கார் நுழையவில்லை. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வெயிலில் ஏறியிருக்கிறார்கள். மேலே அவருடைய அண்ணன் காத்திருந்தார். காலில் ஒட்டுப்போட்ட சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல். பஸ்ஸில் வந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். காரைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் போனவர், அந்தச் சப்பாத்தைப் பார்த்ததும் ஓம், பஸ்ஸில்தான் என்று சொல்லிவிட்டார். இருந்த நாள் முழுவதும் காரைத் தொடவில்லை. அண்ணனோடு ஊர் பஸ்ஸிலேயே திரிந்திருக்கிறார். பிள்ளைகளும் காட்டிக்கொடுக்கவில்லை.

பெரிய காருக்குக் கையெழுத்து வாங்கியவள் நான். தெருவின் அகலத்தைக் கேட்கத் தோன்றவில்லையே என்று முணுமுணுத்தேன். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

“டிக்கெட் எங்கே வாங்குவதென்று நீ சொல்லித்தந்தாய். அண்ணனுக்கு முன்னால் நான் முழிக்கவில்லை.”

இத்தாலியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. எந்தப் பாலத்தில் எந்தப் பழைய வாடிக்கையாளர் பெட்டியோடு நிற்பாரோ என்ற கூச்சந்தான் காரணம்.