தீவை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

அந்தக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சமையலறை மேசையில் சிசிலித் தீவு விரிந்து கிடக்கும். டிரெஸ்டனில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன வரைபடம். ஒரு மூலையில் சீனிப்போத்தல், எதிர்மூலையில் என் கணவரின் கண்ணாடிக்கூடு, இந்தப் பக்கம் என் முழங்கை. வெளியே டார்ம்ஸ்டாட்டில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டுகிற மாதிரி ஒரு வானம். நான் தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டு, விரலால் கடற்கரை ஓரமாகப் போய்க்கொண்டிருப்பேன்.

இருபத்தெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு விடுமுறைக்கும் போனதில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். போகாத ஊரா? லண்டனுக்குப் பிள்ளை பெரிசான சாமத்தியவீடு, பாரிசுக்குத் தேர், டென்மார்க்குக்குக் கலியாணம், சுவிசுக்குச் செத்தவீடு. போன இடமெல்லாம் யாரோ ஒருவரின் வரவேற்பறையில் மெத்தை விரித்துப் படுத்தோம். யாரோ ஒருவரின் குசினியில் நின்று நான் வெங்காயம் உரித்தேன்.

"அம்மா, இதுக்குப் பேர் ஹொலிடே இல்லை. வேற ஊரில போய் வெங்காயம் உரிக்கிறது," என்றாள் மகள். வரைபடம் வந்தது அதற்குப் பிறகுதான்.

என் கணவர் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றி இறக்குகிறவர். மற்றவர்களின் விடுமுறைகளைத் தூக்கித் தூக்கியே அவருடைய முதுகு போய்விட்டது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. அவர் வேலை முடிந்து படியேறி வருகிற நேரம் நான் இறங்கிப் போவேன். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் வேலை அட்டவணைதான் எங்கள் வீட்டின் பஞ்சாங்கம். யார் எப்போது நித்திரை, யார் எப்போது சமையல் என்று அதைப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் குடும்பம் நடந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பத்து நாள், நானும் அவரும் மட்டும். ஒருவரையும் போய்ப் பார்க்கத் தேவையில்லாத பத்து நாள். மத்தியதரைக் கடலில் இத்தனை தீவு இருக்க நான் சிசிலியைத் தெரிவுசெய்ததற்கும் அதுதான் காரணம். அங்கே எங்களுடைய ஆட்கள் ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். என்னைப் போல ஒரு விசரி!

விமானம் இறங்குவது கத்தானியாவில். அங்கே கார் எடுத்துத் தீவைச் சுற்றி வந்து, திரும்பவும் அங்கேயே ஏறுவது. பென்சிலை எடுத்ததும் என் கை தானாக வலமாகத்தான் போனது. கோயில் வீதியோ, புதுமனைப் பூசையோ, எங்களுக்கு வலமாகச் சுற்றித்தானே பழக்கம். கீழே சிராகூசா, பிறகு அக்ரிஜெந்தோ, மேற்கு மூலையில் திராப்பானி, வடக்கே பலெர்மோ, கடைசியில் செஃபலு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஓம், வலமாப் போறதுதான் சரி," என்றார், ஐயர் மாதிரி.

சிராகூசாவில் பழைய மதிலொன்றில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தோடம்பழம் உரித்துத் தின்பது என்று எழுதினேன். அக்ரிஜெந்தோவில் மலைமேல் சாமி இல்லாத பழைய கோயில்கள் இருப்பதாகப் படித்துக் காட்டினேன். "பூசை ஒண்டும் நடக்கிறேல்லையோ?" என்று கவலைப்பட்டார். திராப்பானியில் உப்பளம். "உப்பைப் பாக்கவோ இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "பின்னேர வெயிலுக்கு உப்பு என்ன நிறமாத் தெரியும்?" என்று தானே கேட்டார். செஃபலுவுக்கு எதிரே 'இரண்டு நாள்' என்று எழுதி, செய்யவேண்டியவை என்ற இடத்தில் வெறும் கோடொன்று இழுத்தேன். கடலைப் பார்த்த ஒரு பல்கனி, இரண்டு கதிரை. எனக்கு அந்தக் கோடுதான் முழுப் பயணமும்.

அதற்குப் பிறகு நான் பாதி நேரம் இங்கே இல்லை. விடிய ட்ராமில் ஏறினால் கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் நீலம் அசையும். பனி கொட்டிக்கொண்டிருக்கும், எனக்குக் காலில் சுடுமணல் படும். இல்லத்தில் ஒரு ஐயாவுக்கு ஒரே காலையில் மூன்று தரம் கோப்பி ஊற்றிவிட்டேன். அவர் மூன்றையும் குடித்தார்.

கெடுத்தது என் கணவரின் வாய். கனடாவில் இருக்கும் தன் அக்காவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, "நாங்கள் சிசிலிக்குப் போறம்" என்று பெருமைக்குச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு நான் வரைபடத்தை விரித்துக் கையெடுக்கவில்லை, பலெர்மோவிலிருந்து அழைப்பு. இவருடைய ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் அங்கே இருபத்தைந்து வருடமாக இருக்கிறாராம். அவர் மட்டுமா, பலெர்மோ முழுக்க எங்கள் ஆட்களாம்!

"எங்கட வீடு இருக்க ஹோட்டலில நிக்கப் போறியளோ? நல்ல கதை!" என்று அந்தக் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது. என் கணவர் எழுந்து நின்று, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை, வாறம்" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பென்சிலை எடுத்தார். செஃபலுவை வெட்டினார். உப்பளத்தையும் வெட்டினார். பலெர்மோ, நான்கு நாள் என்று எழுதினார்.

"அண்ணிக்கு ரெண்டு கிலோ மிளகாய்த்தூள் வேணுமாம்," என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "நீங்களே மிளகாய்த்தூளையும் கட்டிக்கொண்டு போங்கோ, நான் வரேல்ல!" என்றேன்.

"அந்த ஊருக்குப் போயிட்டு அண்ணை வீட்டை போகாமல் வாறதோ? அவையள் என்ன நினைப்பினம்?"

"நான் என்ன நினைப்பன் எண்டு ஒரு நாளாவது யோசிச்சனீங்களோ? நான் உங்களோடதான் போகக் கேட்டனான், உங்கட சொந்தக்காரரோட இல்லை!"

அவர் கண்ணாடிக்கூட்டைத் திறந்தார், மூடினார். திரும்பவும் திறந்தார். பிறகு மேசையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"பத்து நாள், நாங்கள் ரெண்டு பேரும் மட்டும். என்ன கதைக்கிறது?"

நான் வரைபடத்தைக் கண்டபடி மடித்துக் குளிர்சாதனப்பெட்டிக்கு மேலே எறிந்தேன். அழுகையும் வந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அவர் சொன்னது உண்மை. "சோறு இருக்கு", "சாவி மறக்கவேண்டாம்", "மகள் போன் எடுத்தவளோ?" இவற்றை விட்டால் எங்களிடம் வேறென்ன பேச்சு இருந்தது? அந்தப் பல்கனியில் இரண்டு கதிரையைப் போட்ட நான், அதில் இருந்து என்ன பேசுவோம் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். நினைத்துப் பயந்துமிருக்கிறார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மேசை வெறுமையாக இருந்தது. அவர் தொலைக்காட்சி பார்த்தார், நான் உடுப்பு மடித்தேன். ட்ராம் கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது.

நாலாவது ஞாயிறு எனக்கு வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே பார்த்தேன். மேசையில் சிசிலி. சீனிப்போத்தல் அதன் மூலையில், கண்ணாடிக்கூடு அதன் மூலையில். பக்கத்தில் பழைய வேலை அட்டவணையொன்றின் பின்பக்கத்தில் அவருடைய கொட்டை எழுத்து. கத்தானியா. செஃபலு, இரண்டு நாள், அதற்கெதிரே நான் இழுத்த மாதிரியே ஒரு கோடு. திராப்பானி, உப்பு. அக்ரிஜெந்தோ. சிராகூசா, தோடம்பழம்.

"பலெர்மோ எங்கை?" என்றேன். அந்த நாலு கிழமையில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி.

"றோட்டு அதாலதான் போகுது. இறங்கிறேல்ல."

"அண்ணைக்கு?"

"போன் எடுத்துச் சொல்லிப்போட்டன். மனிசியும் நானும் தனியப் போறம், இந்த முறை வரேல்ல எண்டு."

"என்ன சொன்னார்?"

"போனை வைச்சிட்டார்."

காய்ச்சலோடும் சொந்தக்காரர் வீட்டுப் படியேறுகிற மனிசன் இவர். முறை தவறாமல் நடந்தவர் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்து வைத்த சொத்து. எனக்கு ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் எங்களுக்குள் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் தாளை எடுத்துப் பிழை பிடித்தேன்.

"இதென்ன, எல்லாம் தலைகீழாக் கிடக்கு? இடப்பக்கமாவோ சுத்தப் போறியள்? இடமாச் சுத்திறது செத்தவீட்டிலதான்."

"தெரியும்," என்றார். எழுந்து வந்து, தடித்த விரலை வரைபடத்தில் வைத்து, கரையோரமாக மெல்ல இழுத்துக் காட்டினார். "அங்கையும் ஸ்டியரிங் இடப்பக்கம்தானே, வலமாப் போனால் முழுக்கக் கடல் என்ர பக்கம். கார் ஓடுறவன் கடலைப் பாக்கேலாது. நீர் பத்து நாளும் மலையையும் மதிலையும்தான் பாத்துக்கொண்டு வருவீர். இப்பிடிச் சுத்தினால் கடல் முழுக்க உம்மட யன்னல் பக்கம்."

அவர் விரல் போன வழியே நானும் விரலை இழுத்துப் பார்த்தேன். பிறகு, நாலு கிழமையாக நெஞ்சுக்குள் கிடந்ததையே கேட்டேன்.

"அது சரி. பத்து நாளும் என்ன கதைக்கிறதாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் வைத்தார்.

"நீர் கடலைப் பாத்துப் பாத்துச் சொல்லிக்கொண்டு வாரும். நான் றோட்டைப் பாத்துக்கொண்டு கேக்கிறன்."