கிரேனிலிருந்து தெரிந்த கடல்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தளத்தில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். கதை எழுத வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்து ஆசை. நோட்டு வாங்குவேன், நான்கு பக்கம் எழுதுவேன், அத்தோடு சரி. அப்படிப் பாதியில் நின்ற நோட்டுகளே ஓர் இழுப்பறை நிறையக் கிடந்தன.

ஒரு நாள் இடியும் மின்னலுமாக மழை பிடித்துக்கொண்டதால் வேலையை நிறுத்தினோம். கிரேன் ஓட்டுபவர் நனைந்தபடி இறங்கி வந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். சட்டைக்குள்ளிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து ஓய்வுக் கொட்டகையின் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தார்.

"பார்க்கலாமாண்ணே?"

"பாருங்க மேடம். சும்மா கிறுக்கினது."

பக்கத்துக்குப் பக்கம் கடல். நீலப் பேனாவால் வரைந்த ஒரே கடல், கிரேன் கூண்டிலிருந்து தெரிவது. ஆனால் ஒரு பக்கம்போல் இன்னொன்று இல்லை. ஒன்றில் எதிரேயுள்ள உபின் தீவு புகைபோல் மங்கியிருந்தது. ஒன்றில் அலையே இல்லை. பக்கங்களைப் புரட்டிய என் கை தானாக மெதுவானது.

"எத்தனை நாளா வரையறீங்க?"

"இங்க வந்ததுலேருந்து. மூணு வருஷம். இது பதினோராவது நோட்டு."

"தினமுமா?"

"சாப்பாட்டு டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு போட்டுருவேன். நல்லா வரணும்னு பார்க்கறதில்ல மேடம். அப்படிப் பார்த்தா கை ஓடாது."

ஒரு பக்கத்தில் குறுக்கே ஒற்றைக் கோடு மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அப்பா தவறிட்டாரு. ஊருக்குப் போக முடியல. அவ்வளவுதான் வந்துச்சு."

நோட்டை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினேன். துக்க நாளிலும் பேனாவை எடுத்த மனிதர் எதிரே உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பி, வீட்டருகே மார்சிலிங் நிலையத்தில் ரயில் ஏறியதும் கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று வரி எழுதினேன். மோசமான வரிகள். அதற்கடுத்த நாளும் எழுதினேன். கட்டடம் முடிந்து அவர் வேறு தளத்துக்குப் போன பிறகும் விடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து முதல் கதை முடிந்தது. படித்துவிட்டு என் கணவர் கேட்டார்: "உண்மையிலேயே நீதான் எழுதினியா?"

ஆமாம் என்றேன். எனக்கே நம்பச் சற்று நேரம் பிடித்தது.