ரிசல்ட் வந்துவிட்டது, சொல்லத்தான் ஆள் இல்லை

போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசாங்க ஆபீஸ் கவுண்டரில் நின்று கத்திவிட்டேன்.

சேதி எனக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. என் டாக்சியில் ஏறுகிறவர்கள் எல்லாம், "என்னண்ணே, ஆபீஸ்ல சண்டையாமே?" என்று சிரிக்கிறார்கள். ஆமாம், சண்டைதான். சிரிக்கிற விஷயம் இல்லை. அதனால் இந்த வாரம் டாக்சிக் கதை, டூரிஸ்டு கதை எதுவும் கிடையாது.

எந்த ஆபீஸ் என்று எழுத மாட்டேன். வழக்கு அது இது என்று பத்திரிகைக்காரர் பயப்படுவார். பரவாயில்லை... உங்களுக்குத் தெரிந்த எந்த ஆபீஸ் பெயரைப் போட்டுப் படித்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

என் தங்கச்சி சரசு இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் மகள் கவிதாவுக்கு நாலு வயது. அம்மா மலைக்குப் போனதும் பிள்ளை ஆயாக் கொட்டகையில் இருக்கும். கொட்டகைக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கும் ஒரே தொட்டித் தண்ணீர். ஓடையிலிருந்து இறங்கி வருகிறது. ஓடைக்கு மேலே காய்கறித் தோட்டங்கள். கோழி எருவை லோரி லோரியாகக் கொட்டுகிற இடம். அந்த வழியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் டாக்சி ஓட்டுவேன். நான் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீர் என்ன செய்யும்?

தீபாவளிக்கு ரொம்ப முன்னால், கொட்டகைப் பிள்ளைகளுக்கு ஒருவர் பின் ஒருவராக வயிற்றுப்போக்கு. ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். பாட்டிலை மூடினார்கள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் காய்ச்சிக் குடிங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்கள்.

நல்ல காரியம். குறை சொல்லவில்லை. ஆனால் 'ரிசல்ட் வருகிற வரைக்கும்' என்றால் எது வரைக்கும்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

தீபாவளி வந்தது, போனது. அடைமழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் இந்த மலையில் தண்ணீர் காய்ச்சுவது என்ன பாடு என்று கீழே பட்டணத்தில் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வாசகர்களுக்குத் தெரியாது. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டைதான் இங்கே விறகு. நனைந்துவிட்டால் புகையும், எரியாது. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அங்கேதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். அதற்குள் எழுந்து, ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்து, சோறும் ஆக்கி, தண்ணீரும் காய்ச்சி... எத்தனை நாளைக்கு முடியும்?

கேட்காமல் இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். சரசு ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அந்த ஆபீஸுக்கே போனாள். "பெலும்" என்றார்களாம். மலாயில், இன்னும் இல்லை என்று. எப்போது வரும்? "வந்தா சொல்லுவாங்க." யார் சொல்லுவார்கள்? யாரிடம்? அதற்குள் ஜன்னலைச் சாத்தியாகிவிட்டது.

ஆபீஸ் சொல்லாததை அப்புறம் கங்காணியிடம் கேட்க ஆரம்பித்தார்கள்.

பெரட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் கேட்கிற கேள்விக்குக் கங்காணி பதில் சொல்லியாக வேண்டும். "எனக்குத் தெரியாது" என்று ஒரு கங்காணி சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் கூட்டம் கலையாது. ஆள் மலை ஏறாது. தோட்டக் கணக்கு எழுதும் கிராணி வந்து அவர்மேல் பாய்வார். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எதையாவது சொல்லி ஆளை நகர்த்துவதுதான் அவர் வேலை.

ஒரு நாள் கொட்டுகிற மழையில் பொம்பளைகள் மாரிமுத்து கங்காணியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னா கங்காணி, தண்ணி சேதி என்னாச்சு? பாட்டில கொண்டுபோனவன் அதையே குடிச்சிட்டுப் படுத்துட்டானா?"

"வெறகு பூரா நனைஞ்சு கெடக்கு. நீங்க வந்து ஊதுங்கலா எங்க வீட்டு அடுப்ப!"

"வந்துருச்சு, வந்துருச்சு" என்றார் கங்காணி. "ஒண்ணும் இல்லையாம். நல்ல தண்ணிதானாம். போங்க, நேரமாச்சு, மலைக்குப் போங்க."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து லயத்தில் யாரும் தண்ணீர் காய்ச்சவில்லை. கொட்டகை ஆயாவும் குழாய்த் தண்ணீரை அப்படியே மொண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ரிசல்ட்தான் வந்துவிட்டதே!

கொஞ்ச நாளில் கவிதா விழுந்தாள்.

நான்தான் டாக்சியில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்சீட்டில் சரசு மடியில் பிள்ளை. கண் சொருகிவிட்டது. உதடு வெடித்துவிட்டது. வளைவுக்கு வளைவு, "அண்ணே, மெதுவா... அண்ணே, சீக்கிரம்..." என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள் என் தங்கச்சி. இந்த ரோட்டில் எத்தனையோ பேரை ஏற்றிப் போயிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி காய்ச்சிக் குடுத்தீங்களா?"

"டெஸ்டுல நல்ல தண்ணின்னு வந்துருச்சுங்களே டாக்டர்..."

"யாரும்மா சொன்னது?"

"கங்காணி."

டாக்டர் பிள்ளையின் கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. சரசு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் வெளியே வந்தேன். நேரே அந்த ஆபீஸ்.

கவுண்டரில் ஒரு தமிழ்க் கிளார்க். லயத்தில் பிறந்து, படித்து, வேலைக்கு வந்த ஆள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"தம்பி, நம்ம தோட்டத்துத் தண்ணி டெஸ்டு ரிசல்ட் வந்துருச்சா?" தோட்டத்தின் பெயரையும் சொன்னேன்.

"நீங்க யாருண்ணே?"

"அந்தத் தண்ணியக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரில கெடக்குற பிள்ளைக்கு மாமன்."

"எஸ்டேட் மேனேஜர்தான் கேக்கணும். அவரு லெட்டர் கொண்டாந்தீங்களா?"

"தண்ணியக் குடிக்கிறது மேனேஜரா?"

"ரூல் அப்படிண்ணே. கோவப்படாதீங்கலா."

"வந்துருச்சா இல்லையா? அத மட்டும் சொல்லு."

அவர் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"வந்துருச்சுண்ணே. தீபாவளிக்கு முன்னாடியே."

"எங்க?"

"உள்ள மேசையில. பழைய ஆபீசர் மாத்தலாகிப் போயிட்டாரு. புது ஆளு வந்து சைன் வச்சாத்தான் வெளிய அனுப்பலாம்."

"அதுல என்னா போட்டிருக்கு?"

"சைன் இல்லாம சொல்லக் கூடாதுண்ணே."

"சரி, சொல்ல வேணாம். நீ குடிப்பியா அந்தத் தண்ணிய? உன் பிள்ளைக்குக் குடுப்பியா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். மாட்டேன் என்று.

அப்போதுதான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைப் பத்திரிகையில் போட முடியாது. அந்தக் கிளார்க்கைத் திட்டவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பாவம், தலையை ஆட்டுகிற அளவுக்காவது அவருக்கு மனசு இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார். காகிதத்தைத் தேடினார். மத்தியானத்துக்குள் தோட்ட ஆபீஸுக்கு டெலிபோன் போய்விட்டது. 'காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. தொட்டியைக் கழுவி மருந்து போட வேண்டும்.' இவ்வளவுதான் ரிசல்ட்! கையெழுத்து? அதை அப்புறம் போட்டுக்கொள்ளலாமாம். அடப்பாவிகளா... அன்றைக்குக் கையெழுத்து இல்லாமல் சொல்ல முடிந்தது, இத்தனை நாளாக ஏன் முடியவில்லை?

கோபம் அடங்கவில்லை. சாயங்காலம் மாரிமுத்து கங்காணி வீட்டுக்குப் போனேன். மனுஷன் முற்றத்திலேயே நின்றிருந்தார். சேதி தெரிந்திருந்தது.

"அடிக்கணும்னா அடிச்சிரு தம்பி" என்றார். "நான் சொன்னது பொய்தான். ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆபீஸ்காரன் நெசத்தச் சொல்லியிருந்தா, நான் எதுக்குலா பொய் சொல்லப் போறேன்? அவனுக்கு ஜன்னல் இருக்கு, சாத்திக்கிறான். நான் எதச் சாத்துவேன்? காலையில அத்தன பேரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க."

அடிக்கப் போனவன் அப்படியே திரும்பி வந்தேன். அவர் செய்தது தப்பு. இப்போதும் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் கேட்டதை ஆபீஸிடம் கேட்காமல் விட முடியாது.

ஆபீஸ்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் தெரியுமா? பதில் தாமதமானால் ஜனங்கள் சும்மா காத்திருப்பார்கள் என்று. யாரும் சும்மா காத்திருப்பதில்லை ஐயா. பிள்ளைக்குத் தாகம் எடுக்கிறது. நீங்கள் பேசாத இடத்தில் வேறு ஒருவர் வந்து பேசிவிடுகிறார். அவர் சொல்வதை நம்பி ஜனங்கள் காரியத்தில் இறங்கிவிடுகிறார்கள். அப்புறம் உங்கள் பதில் கையெழுத்தோடு, சீலோடு வந்து யாருக்கு என்ன லாபம்?

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போதே, எந்த வாரம் ரிசல்ட் வரும் என்று சொல்லுங்கள். அந்த வாரம் வரவில்லையா? 'வரவில்லை, தொடர்ந்து காய்ச்சுங்கள்' என்று அதையாவது வந்து சொல்லுங்கள். அதுவும் பதில்தான். மேனேஜர் துரைக்கு மட்டும் சொல்லாதீர்கள், குடிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆபீசர் மாற்றலாகிப் போனால் அவர் நாற்காலி காலியாகட்டும், ஆபீஸே காலியானது மாதிரி உட்கார்ந்திருக்காதீர்கள். இதற்கெல்லாம் கோலாலம்பூரிலிருந்து நிபுணர் வர வேண்டுமா?

கவிதா சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள். ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "மாமா, உன் டாக்சியில நாத்தம்" என்கிறாள். சொல்லட்டும். அவள் அன்றைக்கு வாந்தி எடுத்த நாற்றம்தான் அது.

இந்தத் திங்கட்கிழமை பெரட்டில் நடந்ததைச் சரசு சொன்னாள். பொம்பளைகள் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். "தொட்டிய எப்பக் கழுவுவாங்க கங்காணி?"

மாரிமுத்து கங்காணி, "எனக்குத் தெரியாது" என்றாராம்.

யாரும் நகரவில்லை. கிராணி வந்து கத்தினார். அப்போதும் நகரவில்லை. கூடைகள் கீழேயே கிடந்தன. கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த மாதமெல்லாம் அந்த லயத்துப் பக்கமே வராத துரையின் ஜீப், கொழுந்து காத்திருக்கிறது என்றதும் ஏறி வந்துவிட்டது.